வாசிக்கும் கை சுமக்கலாமா?

இசைக் கருவியை ஏந்துவோன் கைக்குத் தொழில் இரண்டு. வாசித்தல் ஒன்று, தாங்குதல் மற்றொன்று. இவ்விரண்டும் ஒரே கையின்மேல் விழுமாயின், ஒன்று குறைவுபடுதல் திண்ணம். நீர்க்குடத்தை இடுப்பிற் கொண்டு வருபவள் மறு கையாற் படலையைத் திறக்கின்றாள். குடத்தை இரு கையாலும் பற்றியிருந்தாளாயின் படலையை யார் திறப்பது? கொடிகாமச் சந்தைக்குத் தேங்காய்க் கடகம் சுமந்து வருவோர் தலையிலே சும்மாட்டை வைத்துக் கைவீசி நடப்பதைக் காணாதவர் தென்மராட்சியில் இலர். சுமை சுமக்க வேண்டிய இடத்திற் சுமக்கப்பட்டாற் கை தன் தொழிலைச் செய்யும். இவ்வெளிய உண்மை இசைக் கருவிகளுக்கும் பொருந்துமா என்பதே இக்கட்டுரையின் ஆராய்ச்சி.

இதனை ஆராய நேர்ந்தமைக்குக் காரணம் ஒரு வினா. செவ்வியற் கிற்றார் பயில்வோர், அக்கருவியைத் தோளில் மாட்டிய வாரினால் தாங்கி வாசிக்கலாமா? வினா மிகச் சிறியது போலத் தோன்றும். ஆயினும் இதனையொட்டி இளைஞர் பலர் மனம் குழம்புவதை நாம் கண்டிருக்கின்றோம். வார் என்பது மேடையிலே நின்று ஆடிப் பாடுவோர்க்கு உரியது, செவ்விய இசைக்கு அது தகாது, வார் இட்டவன் மரபை மீறியவன் என்று கூறுவோர் உளர். அக்கூற்றுக்கு அஞ்சி, முதுகு நோவையும் பொறுத்துக்கொண்டு பயில்வோரும் உளர். நோவைப் பொறுக்கலாற்றாது கருவியையே கைவிட்டோரும் உளர். ஒரு கலையை ஒருவன் விட்டு நீங்குவதற்கு ஒரு முழ வார் காரணமாகுமாயின், அதனைச் சிறு பொருள் என்று தள்ளிவிடுதல் கூடாது.

கிற்றார் நம் நாட்டிலே நன்கு அறியப்பட்ட கருவியே. 1960-களின் இறுதியிலும் 1970-களிலும் இலங்கையில் தமிழ்ப் பொப்பிசை எழுந்தபோது, நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோருடைய பாடல்களோடு அதன் ஒலியும் வீடுதோறும் புகுந்தது. தேவாலயப் பாடற் குழுக்களிலும் அது நெடுநாளாக இடம்பெற்றுள்ளது. ஆயின் நாம் ஈண்டுப் பேசுவது அதன் உடன்பிறப்பாகிய செவ்வியற் கிற்றாரைப் பற்றி. இஃது உலோகத் தந்திக்குப் பதிலாக நைலோன் தந்தி பூண்டது, அகன்ற கழுத்துடையது, மீட்டுகோல் இன்றி விரலாலும் நகத்தாலும் மீட்டப்படுவது, இருந்து வாசிக்கப்படுவது. இசைஞானி இளையராஜா அவர்கள் இலண்டன் திரினிற்றி இசைக் கல்லூரி நடத்திய தேர்விலே தங்கப் பதக்கம் பெற்றது இச்செவ்வியற் கிற்றாருக்கே என்பது பலரும் அறிந்தது. எனவே இது தமிழர்க்குத் தொலைவான கருவியன்று.

முதலில் நம் பழைய நூல்கள் பக்கம் செல்வோம். சங்க காலத்துப் பாணர் ஊர்விட்டு ஊர் நடந்தவர்கள். அவர்களுக்குக் கருவியை வாசிப்பது எத்துணை இன்றியமையாததோ, அதனைக் கொண்டு செல்வதும் அத்துணை இன்றியமையாதது. கருவிகளை இட்டு வைக்கும் பைக்குக் கலப்பை என்று பெயர். இன்று உழுபடைக்கு வழங்கும் சொல் அன்று கலங்களின் பையையும் குறித்தது. மலைபடுகடாத்திலே பெருங்கௌசிகனார், கூத்தரும் பாணரும் காவிக் கொண்டு செல்லும் கருவிப் பைகளுக்குக் கார்காலத்துப் பலாமரத்தில் தொங்கும் காய்க் குலைகளை உவமை கூறுகின்றார். பலாவுக்குப் பெயர்பெற்ற தென்மராட்சியிலே வாழ்வோர்க்கு இவ்வுவமையை எவரும் விளக்க வேண்டியதில்லை. வீட்டு வளவிலே பருத்த அடிமரத்தில் ஒன்றோடொன்று முட்டித் தொங்கும் காய்களை நோக்கினால், அன்று மலைவழியே நடந்த கூத்தரின் தோட்சுமை கண்முன் நிற்கும்.

நடக்கும்போது கருவி தோளிலே தங்கியது. வாசிக்கும்போது? பெரும்பாணாற்றுப்படையிலே கடியலூர் உருத்திரங்கண்ணனார் யாழின் உறுப்புக்களை ஒவ்வொன்றாக வருணித்துவிட்டு, பாணன் அதனைத் தன் இடப்பக்கத்திலே தழுவிக்கொண்டிருந்தான் என முடிக்கின்றார். பிடித்தான் என்றோ சுமந்தான் என்றோ கூறாது, தழுவினான் என்ற சொல்லை ஆண்டமை நோக்கற்பாலது. தழுவுதல் என்பது முழு உடம்பின் செயல், விரல்களின் செயலன்று. உடம்பு தழுவிக்கொண்டால் விரல்கள் நரம்பிலே உலாவும். யாழின் அமைப்பையும் இசையையும் ஆராய்ந்து யாழ் நூல் யாத்த காரைதீவு விபுலாநந்த அடிகள், அந்நூல் 1947 யூன் மாதத்திலே திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறக் கண்டு, அடுத்த மாதமே மறைந்தார். யாழ் வழக்கொழிந்தது, ஆயினும் தழுவுதல் என்ற அந்த முறை ஒழியவில்லை.

இன்று வழங்கும் நம் கருவிகளைப் பாருங்கள். வீணையின் பெரிய குடம் வாசிப்போனின் வலப்பக்கத்தே நிலத்திற் பொருந்துகின்றது; கழுத்தின் கீழுள்ள சுரைக்குடம் இடத் தொடையிலே அமர்கின்றது. நிலமும் தொடையும் பாரத்தை ஏற்றுக்கொள்ள, இடக்கை விரல்கள் மெட்டுக்களின்மேலே கமகம் பிடிக்கின்றன. கோட்டுவாத்தியம் முழுவதுமே நிலத்திற் கிடக்கின்றது. இவற்றினும் சிறந்த சான்று வயலின். முத்துசாமி தீட்சிதரின் இளவலாகிய பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) மேலைத் தேயத்து வயலினைக் கருநாடக இசைக்குக் கொணர்ந்தவர்களுள் முதன்மையானவர். மேனாட்டார் அதனை நாடியின்கீழ் வைத்து நின்றும் இருந்தும் வாசிப்பர். நம்மவரோ சம்மணமிட்டு அமர்ந்து, வலக்காலைச் சிறிது முன்னே நீட்டி, கருவியின் சுருள்தலையை அக்காலின் கணுப்பக்கத்தே ஊன்றி, மறு நுனியைத் தோளோடும் மார்போடும் பொருத்தினர். ஏன்? கமகத்துக்காக. தந்தியின்மேல் மேலும் கீழும் வழுக்கிச் செல்லும் இடக்கை, கருவியையும் தாங்கிக்கொண்டிருந்தால் அந்த ஓட்டம் தடைப்படும். ஆகவே பாரத்தைக் காலிடம் ஒப்படைத்தார்கள். பிற நாட்டுக் கருவியை ஏற்றபோது, பிடிக்கும் முறையையும் அப்படியே ஏற்க வேண்டும் என்று நம் முன்னோர் எண்ணவில்லை. தம் இசைக்கு எது தகுமோ அதனையே கொண்டார்கள். அங்ஙனம் செய்தமையாற் கருநாடக இசை தாழ்ந்ததுமில்லை, வயலின் தாழ்ந்ததுமில்லை.

இனி வாரைப் பற்றியே பேசுவோம். வார் என்பது தூய தமிழ்ச் சொல். தோலை நீளமாக அறுத்த கீற்று வார். முரசின் கண்ணை இழுத்துக் கட்டியதும் வார். நம் திருவிழாக்களிலே தவில் வித்துவானின் தோளிற் கிடப்பதும் வார். சுவாமி வீதியுலா வரும்போது நாதசுவரக்காரர் முன்னே நின்று ஊத, தவிற்காரர் தம் பாரமான கருவியை வாரினாலே தோளில் தொங்கவிட்டு, வலக்கை விரல்களிற் கூடுகளை அணிந்து, இடக்கையிற் கழியைக் கொண்டு முழங்குகின்றார். அவர்தாமே மண்டபத்திற் கச்சேரிக்கு அமரும்போது, தவில் நிலத்தையும் மடியையும் சார்ந்து நிற்கும். வார் தொழிலின்றிக் கிடக்கும். வீதியில் வேண்டும்; மண்டபத்தில் வேண்டா. எங்கு வேண்டுமோ அங்கு அணிவது. எங்கு வேண்டாவோ அங்கு நீக்குவது. யாழ்ப்பாணத்துத் தவிற் கலையைத் தமிழ்நாடு முழுதும் வியக்கச் செய்த தெட்சணாமூர்த்தி (1933–1975) அவர்களை, தோளிலே வார் இட்டார் என்பதற்காக எவரேனும் குறைத்து மதித்ததுண்டோ? நாட்டுக்கூத்திலே மத்தளம் இடுப்பிற் கட்டப்படுகின்றது. அதனாற் கூத்தின் தாளம் பிழைத்ததுண்டோ? தோளிலும் இடுப்பிலும் கட்டிக் கருவியைத் தாங்குதல் நம் மரபுக்குப் புறம்பன்று. அதன் நடுவே உள்ளது.

அவ்வாறாயின், கிற்றாரின் சொந்த மரபு யாது கூறுகின்றது என்று கேட்பவர்க்கு, அதன் வரலாற்றையும் சுருங்கக் கூறுவோம். முற்காலத்துக் கிற்றார் இன்றைய கருவியினும் சிறியது, உடல் குறுகியது. ஆறு தனித் தந்திகளைக் கொண்ட வடிவம் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான் நிலைபெற்றது. அக்காலத்துக் கலைஞர் அதனைப் பிடித்த முறை ஒன்றன்று, பல. ஸ்பெயின் நாட்டவரான பெர்னாண்டோ சோர் (1778–1839) மேசையின் மூலையிலே கருவியைச் சார்த்தி வாசிக்கும் முறையை எடுத்துரைத்தார். அவருடைய நண்பரும் அந்நாட்டவருமான தியோனிசியோ அகுவாதோ (1784–1849) இன்னும் ஒருபடி மேலே சென்றார். கருவியின் பாரம் உடம்பையே சாராதிருக்கும்படி ஒரு முக்காலித் தாங்கியை இயற்றி, 1843இல் வெளிவந்த தம் பயிற்சி நூலிலே அதன் பயனை விளக்கினார். கைகள் இரண்டும் விடுதலை பெறுதலும், முதுகுப் பலகை உடம்பில் அழுந்தாது நன்கு அதிர்தலும் அவர் வேண்டிய பயன்கள்.

இந்த அகுவாதோ பிறந்த அதே 1784 ஏப்ரல் மாதத்திலே, ஜேர்மனியிற் பிறந்தவர் லூயி ஸ்போர் என்னும் வயலின் கலைஞர். வயலினிலே நாடியை வைக்கும் சிறு தாங்கியை 1820ஆம் ஆண்டளவிற் புனைந்தவர் அவரே. அதற்கு முன் மேனாட்டு வயலினிலே அத்தகைய உறுப்பு இல்லை. இன்றோ அஃது இல்லாத வயலினைக் கடைகளிற் காண்பது அரிது. அவ்வாறே செலோ என்னும் பெருங்கருவியை முன்னாளிற் கெண்டைக்கால்களுக்கிடையே இடுக்கிப் பிடித்தனர். 19ஆம் நூற்றாண்டிலே பெல்ஜியத்துக் கலைஞர் செர்வே, அதன் அடியிலே ஊன்றுகோல் பொருத்தி நிலத்தில் நிறுத்தும் முறையைப் பரப்பினார். ஒரு தலைமுறையின் புதுமை மறு தலைமுறையின் மரபாயிற்று.

கிற்றாருக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டின் நடுவிலே அந்தோனியோ தெ தோரெஸ் (1817–1892) என்னும் ஸ்பானியக் கைவினைஞர் கருவியின் உடலைப் பெரிதாக்கினார்; ஏறத்தாழ 650 மில்லிமீற்றர் நீளமுள்ள தந்தியை நிலைநிறுத்தினார். கருவி பெரிதாகவே, அது மடியில் இன்னும் நன்றாகப் பொருந்தியது. பிரான்சிஸ்கோ தாரெகா (1852–1909) இடக்காலைச் சிறு கால்மணையின்மேல் உயர்த்தி, இடத் தொடையிலே கருவியின் இடைவளைவைப் பொருத்தி வாசித்தார். அவருக்குப்பின் அந்திரெஸ் செகோவியா (1893–1987) உலகெங்கும் சென்று கச்சேரி செய்தபோது, அவ்விருக்கையே செவ்வியற் கிற்றாரின் அடையாளமாக மக்கள் மனத்திற் பதிந்தது. ஆகவே இன்று மாற்றலாகாத மரபு என்று நாம் கருதும் கால்மணை முறை உலகெங்கும் பரவி ஏறத்தாழ ஒரு நூற்றாண்டே ஆயிற்று. அந்தச் செகோவியாதாமே, ஆட்டுக் குடலால் ஆகிய பழைய தந்தியை விட்டு, 1940-களிலே புதிதாக வந்த நைலோன் தந்தியை உவந்து ஏற்றார். தந்தியையே மாற்றிக்கொண்ட மரபுக்கு வார் ஒன்று பகையாகுமா?

கால்மணை முறையை நாம் இகழவில்லை. அதன் நுட்பத்தை அறிந்தோர் அதனை இகழார். அம்முறையிலே கருவி நான்கு இடங்களைச் சார்ந்து நிற்கின்றது. இடத்தொடையின் மேற்புறம் ஒன்று, வலத்தொடையின் உட்புறம் ஒன்று, மார்பு ஒன்று, ஒலிப்பலகையின் விளிம்பிலே சாயும் வலமுன்கை ஒன்று. இந்நான்கினுள் இடக்கை இல்லை என்பதை அன்பர்கள் கவனிக்க வேண்டும். இடக்கை முற்றும் விடுதலையுடையது. கழுத்து மேல்நோக்கிச் சாய்ந்து, அதன் தலை ஏறத்தாழ வாசிப்போன் கண்மட்டத்தே நிற்கும். அந்தச் சாய்விலேதான் விரல்கள் எல்லா மெட்டுக்களையும் எளிதில் எட்டும். எனவே கால்மணையின் நோக்கம் காலை உயர்த்துவதன்று. கழுத்தை உயர்த்துவதும் இடக்கையை விடுவிப்பதுமே. நோக்கத்தை மறந்து வழியை மாத்திரம் பற்றிக்கொள்வோர், சூத்திரத்தை மனனஞ் செய்து பொருளை மறந்த மாணாக்கரை ஒப்பர்.

அவ்வழியிலே ஒரு குறையும் உண்டு. ஒரு கால் பத்துப் பதினைந்து சென்றிமீற்றர் உயர்ந்தும் மறுகால் தாழ்ந்தும் நெடுநேரம் இருப்போர்க்கு இடுப்பெலும்பு ஒருபக்கம் சாய்கின்றது. முதுகெலும்பின் கீழ்ப்பகுதி அதனோடு வளைந்து திருகுகின்றது. அரைமணி நேரம் வாசிப்போர்க்கு அதனால் தீங்கில்லை. நாள்தோறும் மூன்று நான்கு மணி நேரம் பயில்வோர்க்கு நாளடைவில் முதுகு நோவும் இடுப்பு நோவும் வரலாம். இதனை உணர்ந்தே மேனாட்டார் பல மாற்று வழிகளைக் கண்டனர். தொடைமேல் வைக்கும் மெத்தை ஒன்று, கருவியின் பக்கத்திலே ஒட்டிக்கொள்ளும் உலோகத் தாங்கி ஒன்று, வார் ஒன்று. ஸ்கொத்லாந்துக் கலைஞர் போல் கல்பிரெயித், செலோவைப் போல ஊன்றுகோல் பொருத்திய கிற்றாரை நிமிர்த்தி வைத்தே கச்சேரி செய்து புகழ்பெற்றார். இவருள் எவரும் இசையைக் குறைத்தவரல்லர்.

வாரின் பயன் யாது? பாதங்கள் இரண்டும் நிலத்திற் சமமாகப் படியும். முதுகு நிமிரும். வாரின் நீளத்தைக் கூட்டியும் குறைத்தும், வாசிப்போனின் உயரத்துக்கேற்பக் கருவியை ஏற்றவும் இறக்கவும் முடியும். இருந்து வாசித்தவர் எழுந்து நின்றாலும் கருவியின் நிலை மாறாது. தொடையும் வாரும் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும்படி அமைத்தலே பெரிதும் நன்று. செவ்வியற் கிற்றார் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோகிராம் நிறையே உடையது. ஆதலின் தோளுக்கு அது பெருஞ்சுமையன்று.

ஆயினும் வார் இட்டுவிட்டால் எல்லாம் நேராகிவிடும் என்று எண்ணுதல் தவறு. செவ்வியற் கிற்றார் பலவற்றிலே வாரை மாட்டுவதற்குரிய குமிழ்கள் இரா. அதனால் மூவகை வழிகள் கையாளப்படுகின்றன. முதலாவது, கழுத்திலிருந்து தொங்கும் வார் கருவியின் அடியாற் சுற்றி வந்து, ஒலித்துளையின் கீழ்விளிம்பிலே கொளுவியால் மாட்டப்படுவது. இதற்குத் துளையிட வேண்டியதில்லை. ஆயின் கருவி பூட்டப்படவும் இல்லை. கையை எடுத்தாற் கருவி முன்னே கவிழ்ந்து நிலத்தில் விழும். இதனை அணிந்தோர் இரு கையையும் ஒருபோதும் ஒருங்கே எடுத்தலாகாது. இரண்டாவது, அடிப்பக்கத்துக் குமிழிலே ஒரு நுனியையும், கழுத்தின் தலைப்பக்கத்தே தந்திகளின்கீழ் ஒரு கயிற்றினால் மறு நுனியையும் கட்டுவது. இது எளிது, ஆயினும் கட்டு இடக்கைக்கு அருகே இருத்தலின் சிலருக்கு இடையூறாகும். மூன்றாவது, அடியில் ஒரு குமிழும், கழுத்து உடலோடு சேரும் அடிக்கட்டையில் ஒரு குமிழுமாக இரண்டு பொருத்துவது. மூன்றனுள் இதுவே உறுதியானது.

ஆனால் குமிழ் பொருத்துதல் கைதேர்ந்த கருவித் தச்சரின் தொழில். ஒலிப்பலகை இரண்டு மூன்று மில்லிமீற்றர்த் தடிப்பே உடையது. பக்கப் பலகைகளும் மெல்லியவை. உள்ளே தடித்த மரக்கட்டை நிற்கும் இடத்தையன்றிப் பிறிதிடத்தில் ஆணி புகுத்தினாற் கருவி பிளக்கும். முதலிற் சிறு துளையிட்டுப் பின்னரே திருகாணியைச் செலுத்த வேண்டும். விலையுயர்ந்த பழங்கருவியிலே துளையிடாமை நன்று. சிறந்த கருவிகள் சிலவற்றுக்கு அரக்கு மெருகு இடப்பட்டிருக்கும். வியர்வையும், இறப்பர் பிளாத்திக்குப் பொருள்களும் அம்மெருகைக் கெடுக்கும். ஆதலின் வாசித்து முடிந்ததும் வாரைக் கழற்றி வைத்தலும், கருவியை மெல்லிய துணியால் துடைத்தலும் வேண்டும். நம் நாட்டு வெப்பத்திலே இவ்வெச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டற்பாலது.

வாரும் அகன்றதாக இருத்தல் நன்று. ஒடுங்கிய வார் தோளை அறுக்கும். ஐந்து சென்றிமீற்றர் அகலமுள்ளது பாரத்தைப் பரப்பும். அதன் உட்புறம் வழுவழுப்பாயிராது சிறிது சொரசொரப்பாக இருத்தல் வேண்டும். வழுக்கும் வாரிலே கழுத்துப்பகுதி மெல்ல மெல்லத் தாழும். தாழும் கழுத்தை இடக்கை தன்னையறியாமலே தாங்கத் தொடங்கும். அப்பொழுது வார் இட்டதன் பயன் முற்றும் அழிந்தது. இதனை அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. இரு குமிழுடைய வாரை அணிந்து, இருக்கையில் நிமிர்ந்து அமர்ந்து, வலமுன்கையைக் கருவியின்மேற் சாய்த்தபடி இடக்கையை முற்றும் எடுத்துவிடுக. கழுத்து இருந்த இடத்திலேயே இருக்குமாயின் வார் சரி. தாழுமாயின், நீளத்தையோ வாரையோ மாற்றுக. மற்றொன்று: தோளைத் தூக்கி வாரைத் தாங்கும் பழக்கம் சிலர்க்கு உண்டு. அது முதுகு நோவைக் கழுத்து நோவாக மாற்றுவதேயன்றி வேறன்று. தோள் தாழ்ந்து தளர்ந்திருத்தல் வேண்டும்.

இவை யாவும் நலமுள்ள உடம்பினர்க்கு வசதி பற்றிய செய்தி. இதற்கு அப்பாலும் ஒரு செய்தி உண்டு. நாம் இவ்வினாவைச் சிறிதென்று கருதாமைக்கு அதுவே தலையாய காரணம்.

கொடிகாமத்திலிருந்து கண்டி வீதி வழியே கிழக்கு நோக்கிச் சென்றால், மிருசுவிலும் எழுதுமட்டுவாளும் கடந்து முகமாலை வரும். போர்க்காலத்திலே நெடுநாட் போர்முனையாக நின்ற நிலம் அது. நிலத்தின் மேலே தென்னையும் பனையும் தலையிழந்து நின்றன. நிலத்தின் கீழே கண்ணிவெடிகள் புதைந்து கிடந்தன. 2009இற் போர் முடிந்தபின்னும் பல்லாண்டுகளாக அங்கே கண்ணிவெடி அகற்றுவோர் முழந்தாளிட்டு அங்குலம் அங்குலமாக மண்ணைத் தடவி வந்துள்ளனர். போரினாற் கால் இழந்தோர் நம்மிடையே பலர். ஜெய்ப்பூரிலே 1960-களின் இறுதியில் உருவாகிய செயற்கைக் கால் யாழ்ப்பாணத்துக்கும் வந்து, அவர்களுள் எத்தனையோ பேரை மீண்டும் நடக்க வைத்தது. அந்தக் காலும் பெரும்பாலும் வாரினாலேயே உடம்போடு பிணைக்கப்படுகின்றது என்பதை ஈண்டு நினைக்க வேண்டும்.

இடக்கால் இழந்த ஓர் இளைஞனிடம், இடக்காலைக் கால்மணையில் உயர்த்தி வைத்தாலன்றிச் செவ்வியற் கிற்றார் கற்றலாகாது என்று கூறுவோமா? முழங்காலுக்கு மேலே பொருத்திய செயற்கைக் காலை மடித்து உயர்த்தி, அதன்மேல் ஒரு கருவியை அசையாது நிறுத்துதல் எத்துணை அரிது என்பதை அணிந்தவரே அறிவர். அவனுக்கு விரல்கள் உண்டு, செவி உண்டு, இசையின்மேல் ஆசை உண்டு. இல்லாதது ஒரு கால். அந்த ஒன்றை ஈடுசெய்ய ஒரு வார் போதும். பாதம் எதுவாயினும் நிலத்தில் இருக்க, தோள் கருவியை ஏந்த, அவன் தாரெகாவின் பாடத்தை மற்றவரைப் போலவே வாசிக்கலாம். அவ்வாறே இடுப்பு நோயுற்ற முதியோர், கருவுற்ற பெண்டிர், கால்மணை எட்டாத சிறுவர் ஆகியோர்க்கும் வார் வழிதிறந்துவிடும். இத்தகையோர்க்கு வாயிலை அடைக்கும் விதி எதுவும் இசையின் விதியாகாது.

வார் இட்டால் பார்வைக்கு அழகில்லை என்பாரும் உளர். பார்வையின் அழகு பழக்கத்தினால் வருவது. நாதசுவரக்காரர் கன்னம் உப்புவதையும், கடக்காரர் பானையை மடியில் அணைப்பதையும் நாம் அழகென்றே காண்கின்றோம். அவற்றிலிருந்து பிறக்கும் நாதமே அவற்றை அழகாக்கிற்று. ஆசிரியர் ஒருவர் தம் மாணவனுக்குக் கால்மணையையே கற்பித்தல் தவறன்று. தமக்குத் தெரிந்த நல்வழியை அவர் காட்டுகின்றார். ஆயின் அவ்வழி ஒத்துவராதவனுக்கு வேறு வழியை மறுத்தல் தகாது. தேர்விலே இருக்கையைக் காட்டிலும் ஒலியையே நிறுத்தல் வேண்டும். நாதம் தெளிவாக இருக்கின்றதா, விரல்கள் தடையின்றி ஓடுகின்றனவா, வாசிப்போன் நோவின்றி இருக்கின்றானா என்னும் மூன்றும் நேராயின், பாரத்தைத் தாங்குவது மணையா வாரா என்னும் ஆராய்ச்சி மிகை.

கட்டு என்றவுடன் அதனைச் சிறை என்று எண்ணுதல் மனித இயல்பு. தமிழ் பயின்றோர் அங்ஙனம் எண்ணுதற்கு இடமில்லை. செய்யுளின் இலக்கணத்துக்கு யாப்பு என்று பெயர்; யாத்தல் என்பது கட்டுதல். சீரும் சீரும் பிணையும் இடத்துக்குத் தளை என்று பெயர்; தளை என்பது விலங்கு. கட்டும் விலங்கும் இருந்தும் கவிதை சிறைப்பட்டதில்லை. அவற்றைப் பற்றிக்கொண்டே அது நடக்கின்றது. இதே சொல்லைப் பண்டிதர் மாத்திரமன்றிப் பனையேறுவோரும் அறிவர். அவர் தம் இரு பாதங்களையும் பிணைத்துக்கொள்ளும் நார்வளையம் தளைநார். அது பாதத்தைக் கட்டுகின்றது. அதனாலேயே வட்டுக்குள்ளே சென்றபின் பாளை சீவுவதற்குக் கை விடுதலை பெறுகின்றது. தளைநார் அணிந்து ஏறுபவரை நோக்கி, இவர் பனையேறத் தெரியாதவர் என்று கொடிகாமத்திலே எவரும் கூறார்.

கிற்றாரின் வாரும் அத்தகையதொரு தளையே. இளைஞர்கள் தயங்காது அதனை அணிக. அணிந்தபின் இடக்கையை எடுத்துச் சோதித்துப் பார்க்க. பின்னர் வாரை மறந்து வாசிக்க.